துயரத்தோடு வருபவரின் பேச்சைக் கேட்பது எப்படி?

தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக 1953-இல் லண்டனில் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கினார் சாட் வாரா என்னும் பாதிரியார். அவரை நேரில் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தன்னார்வலர்களிடமே பலர் மனத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே நிம்மதியாகத் திரும்பினார்கள். அதைக் கவனித்த அவர், கேட்கும் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அந்தச் சேவைதான் அப்படிச் சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பாக வளர்ந்தது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும் தன்னார்வலர்களே காது கொடுக்கிறார்கள். பட்டம் தேவைப்படாத இந்த வேலையில் உண்மையிலேயே கடினமானது, நாக்கின் நுனிவரை வந்துவிட்ட அறிவுரையை விழுங்கிக்கொள்வதுதான்.

"வேலைக்குப் போகவே பிடிக்கலைடா" என்கிறார் நண்பர். "எல்லா இடத்துலயும் அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கைபேசியைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். இடையில் அவர் மௌனமானால் அதை நிரப்ப முயல வேண்டாம். சொல்வதா வேண்டாமா என்று அவர் தயங்கும் நேரம் பெரும்பாலும் அதுதான். "ஏன் அப்படிச் செஞ்சே?" என்னும் கேள்வி விசாரணையாகவே ஒலிக்கும், "எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு நம் கதைக்குத் தாவிவிடும்.

அவர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிக் கேட்பது பெரிதும் பயன்தரும். "மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினதுதான் உன்னை வாட்டுதா?" என்றால், "அது பரவாயில்லை, பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க பாரு, அதைத்தான் தாங்க முடியலை" என்று அவர் திருத்துவார். நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் கேட்டது வீணாகவில்லை, ஏனெனில் உண்மையான காயம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அவராகவே யோசனை கேட்டால், அவர் மனத்தில் என்ன வழி ஓடுகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

பேச்சில் சாவின் நிழல் தெரிந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் வற்புறுத்தினாலும், இந்த ஒன்றில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல், நீங்களே அழைத்து, அவர் மறுமுனையில் பேசத் தொடங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.