பூக்கோவை வாசிக்கத் தொடங்குவோருக்கு

பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் பூக்கோவின் (1926–1984) சிந்தனைக்குள் நுழைய விரும்புபவர், சுருக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, சிறைச்சாலையின் தோற்றம் குறித்து அவர் 1975இல் வெளியிட்ட நூலின் முதற் பக்கங்களையே முதலில் வாசிக்க வேண்டும். பிரெஞ்சு மன்னரைக் கத்தியால் குத்திய தாமியேன் 1757இல் பாரிசில் மக்கள் முன்னிலையில் வதைத்துக் கொல்லப்பட்டதை விரித்துரைத்த கையோடு, ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பிந்திய, இளங்கைதிகளுக்கான நேரசூசி ஒன்றை அவர் எடுத்துவைக்கிறார். தண்டனை இரக்கமுள்ளதாகிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. உடலை வதைத்த அதிகாரம் உடலைப் பழக்கும் அதிகாரமாக மாறியது எப்படி என்பதே அவருடைய கேள்வி.

அடுத்து, அக்கேள்வியை அருகிலுள்ள ஒன்றிடம் கேட்டுப் பார்க்கலாம். மட்டக்களப்பில் கற்பிப்போருக்கு வரவு இடாப்பே போதும். பெயருக்கு நேரே இடப்படும் சிறு அடையாளம், மாத முடிவில் கூட்டப்பட்டு, வீதமாக்கப்பட்டு, ஒழுங்கானவர், ஒழுங்கற்றவர் என்ற வகைகளை உண்டாக்குகிறது; அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போன, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளை இரண்டாம் வகைக்குள் விழுந்துவிடுகிறது. கட்டளையிட்டவர் யார் என்று தேடுவதைவிட, எந்த நடைமுறை இப்பிரிவை உண்டாக்கியது என்று கேட்பதே பூக்கோவின் வழி.

கண்காணிப்பு என்றதும் நம்மவர்களுக்குச் சோதனைச்சாவடி நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் ஆங்கிலேய மெய்யியலாளர் பெந்தாம் வரைந்த, நடுவே காவற்கோபுரமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட வட்டச் சிறைத் திட்டத்தில் பூக்கோவைக் கவர்ந்தது வேறொன்று: கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது; ஆகவே அவர் இல்லாவிட்டாலும் கைதி தன்னைத் தானே கண்காணித்துக்கொள்வான்.

அதிகாரம் எங்கும் உள்ளது, ஆகவே எதிர்க்க இயலாது என்று பொருள்கொள்வது பரவலான தவறு. அதிகாரம் உள்ள இடத்தில் எதிர்ப்பும் உண்டென, பாலியலின் வரலாறு பற்றிய முதல் தொகுதியில் 1976இல் அவரே எழுதினார். சிறை நூலை முடித்தவர்கள் அப்பகுதியை உடனேயே சேர்த்து வாசிப்பது நல்லது.