கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரிக்கு: முதல்முறை கடற்கரைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை தெரியும், அணை தெரியும், ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே காவிரி விழுவதும் தெரியும். கடல் மட்டும் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத இடம். அதனால் கடற்கரை நகரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போதும் ஏற்காட்டுக்குப் போவதைப் போலவே திட்டமிட்டுவிடுகிறோம். எங்கள் முதல் பயணம் அப்படித்தான் ஆனது. காலை எட்டரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் கிளம்பி, வழியில் நின்று சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரை மணலில் இறங்கினோம். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடிய என் மகள், பத்தடி போவதற்குள் சூடு தாங்காமல் திரும்பி ஓடிவந்து, என் இரண்டு பாதங்களின்மீதும் ஏறி நின்றுகொண்டு அழுதாள். அன்று மாலைவரை அறையைவிட்டு யாரும் வெளியே வரவில்லை.

அதன்பிறகு பலமுறை போய்வந்ததில், கடற்கரைப் பயணத்தை வெயிலை வைத்தே திட்டமிட வேண்டும் என்பதும், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை அதற்கடுத்துத்தான் கையில் எடுக்க வேண்டும் என்பதும் எனக்கு உறுதியாயிற்று. கீழே உள்ள படிகள் இதுவரை கடற்கரை ஊருக்குத் தாமாகத் திட்டமிட்டுப் போகாதவர்களுக்கானவை. புதுச்சேரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் பகுதியிலிருந்து எளிதாகப் போய்ச் சேரக்கூடிய கடற்கரை நகரம் அது என்பதுதான்.

முதல் படி: மாதத்தையும் தேதியையும் முடிவு செய்தல்

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே எல்லாவற்றிலும் உகந்தது. மழை ஓய்ந்திருக்கும், காலை நேரம் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்பதால் வேறு வழியில்லாமல் போகிறவர்கள், நம் ஊர் வெயிலுக்கும் அங்குள்ள வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். நம் மாவட்டங்கள் மேட்டு நிலத்தில் இருப்பதால் பகல் எவ்வளவு சுட்டாலும் காற்று உலர்ந்திருக்கும். இரவும் ஓரளவு தணிந்துவிடும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை, உடல் குளிர்வதுமில்லை. வயதானவர்களும் சிறு குழந்தைகளும் இதில்தான் முதலில் களைத்துப்போகிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதன் தொடர்ச்சியாக ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிச் சாலையோரம் நின்றிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதும் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. கடற்கரை மட்டுமல்லாமல் போகும் சாலையும் அந்த மாதங்களில் நம்பத்தக்கதல்ல. கட்டாயம் போக வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முந்தைய நாள் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

தேதியைக் குறிக்கும்போது நாட்காட்டியில் பௌர்ணமியையும் பாருங்கள். நாம் திருவண்ணாமலை வழியாகத்தான் போகிறோம்; கிரிவல நாளில் அந்த ஊரைத் தாண்டுவதற்கே நெடுநேரம் ஆகிவிடும். கார்த்திகை தீபத்தையொட்டிய நாட்களையும் தவிர்த்துவிட வேண்டும். மாறாக, மாசி மகம் வரும் நாள் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். அன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதைப் பார்க்கலாம்.

கிழமையைப் பொறுத்தவரை, சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து சேர்வதால் அறை வாடகை ஏறிவிடும். விடுப்பு கிடைக்குமானால் செவ்வாய் முதல் வியாழன் வரை போய்வருவது நல்லது. திங்கட்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

இரண்டாம் படி: வழியும் புறப்படும் நேரமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 210 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தருமபுரிக்காரர்கள் அரூருக்கு வந்து, அங்கிருந்து ஊத்தங்கரை சென்று இதே சாலையைப் பிடிக்கலாம். அல்லது தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாக நேரே திருவண்ணாமலையை அடையலாம். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லை என்பதால் பேருந்து அல்லது சொந்த வண்டிதான் நமக்கு வழி. பெங்களூரிலிருந்து புதுச்சேரி செல்லும் பேருந்துகள் கிருஷ்ணகிரி வழியாகவே போகின்றன. இடம் கிடைக்காவிட்டால் திருவண்ணாமலை வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து என்று மாறிப் போகலாம்.

காரில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. குழந்தைகள் இருந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காலை பத்து மணிக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், மூன்று மணிக்கு அறைக்குப் போய், முகம் கழுவி, நான்கரை மணிக்குக் கடற்கரைக்கு வந்துவிடலாம். எங்கள் முதல் பயணத்தில் செய்த தவறு இந்த ஓர் ஏற்பாட்டிலேயே சரியாகிவிடுகிறது. மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் வழியில் உணவகம் தேடும் நேரமும் மிச்சமாகும்.

மூன்றாம் படி: அறை

இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டமிடுங்கள். ஓர் இரவு போதாது. ஏனென்றால் கடற்கரையின் சிறந்த நேரம் விடியற்காலை, அது ஒருமுறையாவது அவசரமில்லாமல் கிடைக்க வேண்டும்.

அறை பதிவு செய்யும்போது 'கடற்கரைக்கு அருகில்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கட்டக் கூடாது. ஒருமுறை நாங்கள் அப்படிக் கட்டிய விடுதி கடலிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. விடியற்காலையில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. விடுதியின் பெயரை வரைபடத்தில் போட்டு, கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி சிலைக்கு நடந்து போக எத்தனை நிமிடம் ஆகும் என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் வாடகை சற்றுக் கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஆட்டோவுக்குச் செலவாகும் பணம் அதில் மிச்சமாகிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதிகள் சுத்தமானவை, ஆனால் அவற்றில் இடம் பிடிக்க முன்கூட்டியே கேட்க வேண்டும். புகை, மது இரண்டுக்கும் அங்கே அனுமதி கிடையாது, இரவில் வாயிற்கதவை மூடும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

நான்காம் படி: ஒரு நாளை மூன்றாகப் பிரித்தல்

இதுதான் திட்டத்தின் அச்சாணி. ஒவ்வொரு நாளையும் காலைக் கடல், பகல் நிழல், மாலைக் கடல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. ஜனவரியில் ஆறரை மணி அளவிலும் மே மாதத்தில் ஐந்தே முக்கால் அளவிலும் உதயம். அதற்கு அரை மணி நேரம் முன்பே கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்வார்கள். அருகிலேயே 1836இல் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு எல்லோரும் வெயிலைவிட்டு விலகிவிட வேண்டும்.

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால், சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயிலும் சாய்ந்து இந்தக் காற்றும் சேர்ந்துகொள்ளும்போது இரண்டாம் முறை கடற்கரைக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: தண்ணீரில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் அம்மா காவேரிப்பட்டணத்துக்காரர். தென்பெண்ணைக் கரையில் வளர்ந்தவர். அறுபத்திரண்டாம் வயதில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். கொலுசைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, கணுக்கால் அளவு நீரில் நின்று, இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தத் தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவர் கேட்ட அந்தக் கேள்விதான் கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது என்று பின்னால்தான் புரிந்தது.

கடல்நீர் கரையை ஒட்டி ஓடுகிறது. இந்தக் கரையில் அது ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைச் சுமந்து செல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறுகிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டதால், வடக்கே இருந்த நகரக் கடற்கரை அரிக்கப்பட்டு மணலை இழந்தது. அங்கே கருங்கற்களைக் கொட்டியிருப்பதற்குக் காரணம் இதுவே. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஓர் அமைப்பை நிறுவிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பகுதி நடப்பதற்கும் உட்காருவதற்கும்தான். கற்களில் பாசி வழுக்கும், இடையில் கால் சிக்கினால் அடுத்த அலை வந்து அடித்துவிடும். குழந்தைகளை அந்தக் கற்களில் இறங்கவே விடாதீர்கள்.

நீர் ஓடும் இரண்டாவது திசை இன்னும் ஆபத்தானது. அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் எங்காவது ஒரு வழியில் திரும்பிப் போக வேண்டும். அது குறுகலான ஒரு தடத்தில் சேர்ந்து வேகமாகக் கடலுக்குள் ஓடும்போது, மேலே பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரியும். சில நேரம் கலங்கியும் இருக்கும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தக் கற்ற நம் பிள்ளைகள், அமைதியாக இருக்கும் தண்ணீர்தான் பாதுகாப்பு என்று நம்பி நேராக அங்கே போய் இறங்குகிறார்கள். கடலில் இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் தண்ணீர் சும்மா இருந்தால், அந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது.

ஒருவேளை இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்த வேண்டாம். எவ்வளவு திறமையான நீச்சல்காரரும் அதில் களைத்துவிடுவார். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடியுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு நின்ற பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பதறிப்போய் உள்ளே குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது வீசிவிட்டு, மீனவர்களையோ காவலர்களையோ அழைக்க வேண்டும். அவசர உதவிக்கு 112.

குளிக்க ஆசைப்படுகிறவர்கள், உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், முழங்காலளவு நீரில், பெரியவர் ஒருவர் எப்போதும் கடலைப் பார்த்தபடி நிற்க, காலை வேளையில் குளிக்கலாம். நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறையிலிருந்து படகில் போய்ச் சேரும் மணல் திட்டு பார்க்க மிக அழகானது. அங்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

அம்மாவுக்கு இன்னொரு பதிலும் பிறகு சொன்னேன். கே.ஆர்.பி. அணையில் நாம் பார்க்கும் தென்பெண்ணை, சாத்தனூரைக் கடந்து, புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அடுத்த பயணத்தில் அவர் தெற்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாம் படி: பகல் நேரத்துக்கான இடங்கள்

ஒன்பதரை முதல் நான்கு வரை கூரைக்குக் கீழே இருக்கும் இடங்களை மட்டும் வையுங்கள், அதிலும் இரண்டு போதும். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வசித்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு, அவருடைய நண்பரின் வீடு இது என்று சொன்னால் தனி ஆர்வம் வரும். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் இல்லம் இருக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலும் ஆசிரமமும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே நடையில் முடிந்துவிடும். ஆரோவில்லுக்குத் தனியாக அரை நாள் வேண்டும். முதல் பயணத்தில் அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஏழாம் படி: சாப்பாடும் செலவும்

மீனுக்காகவே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாட்களில் பெரிய மீன் அரிதாகும், விலையும் கூடும். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். இருசக்கர வண்டி வாடகைக்கு எடுப்பதானால் ஓட்டுநர் உரிமமும் தலைக்கவசமும் தேவை, வண்டியில் இருக்கும் கீறல்களை எடுக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கிருந்து மதுப்புட்டிகளைக் கொண்டுவரக் கூடாது; எல்லையில் சோதனைச் சாவடிகள் உண்டு.

எட்டாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவையும் திரும்பும் வழியும்

பருத்தி உடைகள், தொப்பி, ஆளுக்கு ஒரு துண்டு, ஈரத் துணிக்கென்று தனிப் பை, உப்பும் சர்க்கரையும் கலந்த நீருக்கு ஒரு புட்டி. இதற்குமேல் மூட்டை கட்ட வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அறையைக் காலி செய்தால், எட்டு மணிக்குள் செஞ்சியில் இருக்கலாம். கோட்டையைச் சேர்ந்த மூன்று மலைகளில் உயரமானது ராஜகிரி. அதில் ஏறி இறங்கப் பாதிப் பகல் போய்விடும். மற்றொன்றின் பெயர் கிருஷ்ணகிரி. அது சிறியது, படிகள் உண்டு, குழந்தைகளும் ஏறலாம். நம் ஊர்ப் பெயர் கொண்ட அந்த மலையில் வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கி, திருவண்ணாமலையில் மதியம் சாப்பிட்டால், மாலை நான்கு மணிக்கு வீட்டில் இருக்கலாம்.