லிபர்ட்டி கப்பலில் டைவ்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவின் வடகிழக்கில், துலாம்பென் கரையை ஒட்டிக் கிடக்கிறது யுஎஸ்ஏடி லிபர்ட்டி. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரையேற்றப்பட்ட சரக்குக் கப்பல். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. நீளம் சுமார் 120 மீட்டர். மேல்விளிம்பு 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும். அடிப்பக்கம் 30 மீட்டரை நெருங்கும். படகு வேண்டாம், கரையிலிருந்தே இறங்கலாம். அந்தச் சுலபத்தை நம்பித்தான் பலர் தவறு செய்கிறார்கள். காதை அடைக்க விடுவது, மூச்சை அடக்குவது போன்றவற்றைப் பயிற்சியிலேயே திருத்தியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

தேவைக்கு மேல் ஈயம்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். புதியவர் முதல் முயற்சியில் மூழ்க மாட்டார். உடனே மூழ்குவதற்கான ஈய எடையை இன்னும் 2 கிலோ, பிறகு இன்னும் 2 கிலோ என்று இடுப்பில் ஏற்றுவார்கள். 3 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), அலுமினியக் காற்று டேங்க் என்றால் நடுத்தர உடல்வாகுள்ள பலருக்கு 4, 5 கிலோ போதும். 8 கிலோவோடு இறங்குகிறவர்கள் அங்கே சாதாரணம்.

மூழ்காததற்குக் காரணம் பெரும்பாலும் எடைக்குறைவு அல்ல. நுரையீரல் நிறைய மூச்சு, பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியில்) தங்கிய காற்று, பதற்றத்தில் ஓயாமல் அடிக்கும் கால்கள். பிசிடியின் இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றை விடுங்கள், கணுக்கால்களைப் பின்னிக்கொள்ளுங்கள், மூச்சை முழுக்க வெளியே விட்டுக் காத்திருங்கள். முதல் 2 மீட்டர் தாண்டினால் வெட்சூட் அமுங்கி வேலை எளிதாகிவிடும்.

3 கிலோ கூடுதல் எடையைத் தாங்க பிசிடியில் ஏறத்தாழ 3 லிட்டர் கூடுதல் காற்று வேண்டும். 30 மீட்டரிலிருந்து 25க்கு ஏறினால் அந்த 3 லிட்டர் 3.4 ஆகும். 10 மீட்டரிலிருந்து 5க்கு ஏறினாலோ 4 லிட்டர். ஆகவே ஆழம் குறையக் குறையத்தான் உடல் அடங்காது. போதாக்குறைக்கு ஈயம் இடுப்பைக் கீழே இழுக்க, காற்று மார்பை மேலே தூக்க, ஆள் ஏறக்குறைய நின்றபடி நீந்துவார். ஒவ்வொரு உதையும் கீழே இருக்கிற பவளத்தின் மேல்தான் விழும். கேமராவை ஒரு கையில் பிடித்தபடி பின்வாங்கும்போது கடல்விசிறிப் பவளம் முறிவது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் போகும். கிளம்பிய மணல் பக்கத்துப் பவளத்தின் மேல் படியும். காற்றும் வேகமாகத் தீரும்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். நிற்க முடியாத ஆழத்தில் பிசிடியைக் காலி செய்து, வழக்கமான மூச்சோடு அசையாமல் இருங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் 2 கிலோ சேருங்கள். டைவ் முடிவதற்குள் அவ்வளவு எடைக் காற்றை நீங்களே மூச்சாகத் தீர்த்துவிடுவீர்கள். டேங்கில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சமிருக்க, பிசிடி கிட்டத்தட்டக் காலியாக, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடிந்தால் எடை சரி.

ஆழமில்லாத கப்பல் என்ற நினைப்பு

18 மீட்டரில் டிகம்ப்ரஷன் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயம் நின்று வருவது) இல்லாமல் 50 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். 30 மீட்டரில் சுமார் 20 நிமிடம்தான். மேலே சுற்றிவிட்டுக் கடைசியில் ஆழத்துக்குப் போகாதீர்கள். ஆழத்தை முதலில் முடித்துவிட்டு, சரிவோடு மேலேறி வாருங்கள்.

கரையில் அவசரம்

கடற்கரை முழுக்க உருளும் கறுப்புக் கற்கள். தடித்த அடியுள்ள பூட்டி (டைவ் காலணி) அவசியம். அலைகளின் இடைவெளியைப் பார்த்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் துணையைப் பிடித்துக்கொண்டு ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டுங்கள். திரும்பும்போது காய்ந்த கல்லில் கால் ஊன்றும்வரை மூச்சுக்கான ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

கப்பலுக்குள் நுழைவது

பயிற்சி இல்லையென்றால் வேண்டாம்.

கையுறை இருக்கிறதே என்று பிடிப்பது

துருத் தகட்டில் விஷமுள்ளுள்ள தேள்மீன் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் போவது

தெற்கு பாலியிலிருந்து வருகிற கூட்டம் அப்போதுதான் இறங்கும். விடியலில் இறங்கினால் திமில்தலைக் கிளிமீன் கூட்டம் கப்பலை விட்டுக் கிளம்புவதற்கு முன் பார்க்கலாம். டார்ச்சை அவற்றின் முகத்தில் அடிக்காதீர்கள், கலைந்துவிடும்.