எஸ். சந்திரசேகர் எழுதியது எத்தனை? பல துறை விஞ்ஞானியின் மேற்கோள் கணக்கைப் போடும் முறை

தேசிய அறிவியல் நாளுக்காக எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு சுவரொட்டி தயாரித்தேன். பொருள், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கட்டுரைகளும் அவை பெற்ற மேற்கோள்களும் (அதாவது, பிற கட்டுரைகள் அவற்றை எத்தனை முறை சுட்டின என்பது). கூகுள் ஸ்காலரில் பெயரைத் தட்டினேன், வந்ததையெல்லாம் கூட்டினேன். விண்மீன், கருந்துளை, திரவப் படிகம், மக்கள்தொகை என்று போய்க்கொண்டே இருந்தது. அடேங்கப்பா என்று நானே வியந்து, அதையே தலைப்பிலும் போட்டுவிட்டேன். இயற்பியல் துறைப் பேராசிரியர் வந்து பார்த்தவர் கேட்டார்: "ஏம்மா, இவர் எப்பம்மா குடும்பக் கட்டுப்பாடு பத்தி எழுதினாரு?"

அன்று சுவரொட்டியைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. வேறு விஞ்ஞானியின் கணக்கைப் போடுகிறவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் தளத்தைத் திறக்காதீர்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். அந்த விஞ்ஞானி எந்த ஆண்டுகளில் எதைப் பற்றி வேலை செய்தார் என்று, அவரே சொன்னதை வைத்து எழுதுங்கள். சந்திரசேகர் விஷயத்தில் இது சுலபம். 1983 நோபல் பரிசை ஒட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே ஏழு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்: வெண்குறுமீன்கள் உட்பட விண்மீன் அமைப்பு (1929-39), பிரௌனியன் இயக்கம் (திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான அசைவு) உட்பட விண்மீன் இயக்கவியல் (1938-43), கதிர்வீச்சுப் பரிமாற்றம் (1943-50), பாய்மங்களின் நிலைத்தன்மை (1952-61), நீள்கோள வடிவங்களின் சமநிலை (1961-68), பொதுச் சார்பியல் (1962-71), கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு (1974-83). ஒரு துறையில் ஐந்து முதல் பத்தாண்டு இருப்பார், பெரும்பாலும் அதை ஒரு தடிமனான நூலாக எழுதி முடிப்பார், அடுத்த துறைக்குப் போய்விடுவார்.

இந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல். பின்னால் ஏதாவது கட்டுரை இந்த ஏழில் எதிலும் சேரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். நான் தாள் எழுதாமல் இறங்கியதால்தான் திரவப் படிகம் உள்ளே வந்தது.

எங்கே தேடுவது

வானியல், இயற்பியல் என்றால் என் முதல் தேர்வு நாசா ஏடிஎஸ் என்ற கட்டுரைத் தேடல் தளம். இலவசம், பழைய ஆய்விதழ்களை வருடி ஏற்றியிருக்கிறார்கள், 1930களின் கட்டுரையைக்கூட முழுதாகப் படிக்கலாம். பிற துறைகளும் கலந்த ஆளுக்கு எல்லாத் துறைக் கட்டுரைகளையும் பட்டியலிடும் ஓபன்அலெக்ஸ். 2022இல் வந்தது, அதுவும் இலவசம். கூகுள் ஸ்காலர் எதையும் விடாது, நூல்களையும் பிடிக்கும், ஆனால் குப்பையும் சேர்ந்து வரும். அதைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு, எங்கள் நூலகத்துக்கு அந்த வசதி இல்லை.

ஏடிஎஸ்ஸில் கணக்கு தொடங்குவது, தேடல் கட்டத்தை நிரப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஆசிரியர் பெயரை முதலில் 'சந்திரசேகர்', காற்புள்ளி, அப்புறம் 'எஸ்' என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஆண்டு 1928 முதல் 1995 வரை.

என்னைக் கவிழ்த்த படி: எந்தச் சந்திரசேகர்?

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் ஒரு மாலை வேலை.

அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய எஸ். சந்திரசேகர்கள் குறைந்தது மூன்று பேர். ஒருவர் நம் ஆள், 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிக்காகோவில் வாழ்ந்தவர். இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். 1971இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கியவர், 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டு சொன்னவர். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர். 1967இல் மத்திய அமைச்சராகிக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையைக் கவனித்தவரும் இவர்தான்.

மூன்றாமவரை ஒதுக்குவது எளிது, ஏடிஎஸ்ஸில் அவர் அநேகமாக வரமாட்டார். முதல் இருவரும்தான் கண்ணைக் கட்டிவிடுவார்கள். இருவரும் இயற்பியலாளர்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். போதாக்குறைக்கு சி. வி. ராமன் நம் ஆளுக்குச் சித்தப்பா, பெங்களூர்க்காரருக்குத் தாய்மாமன். 'ராமன் ஆய்வு நிறுவனம்' என்று கட்டுரையில் பார்த்ததும், சித்தப்பா இடத்துக்கு வந்து வேலை பார்த்திருப்பார் போல என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

முழுப்பெயரைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தீராது. பழைய கட்டுரைகளில் வெறும் 'எஸ்.' என்றுதான் அச்சாகியிருக்கும், அதனால் முழுப்பெயரைத் தேடினாலும் தளம் 'எஸ்.' பதிவுகளையும் சேர்த்தே தரும். பெயருக்கு முன் சமக்குறி போட்டால் இந்த விரிவாக்கம் நிற்கும். ஆனால் அப்போது அவருடைய உண்மையான கட்டுரைகளும் பாதி காணாமல் போகும்.

அடுத்து இயற்பியல் பிரிவை நீக்கி வானியலை மட்டும் வைத்தேன். பாய்மங்களைப் பற்றிய அவருடைய 1950களின் கட்டுரைகள் போய்விட்டன. சரி என்று அதைத் திருப்பி வைத்து, இந்திய ஆய்விதழ்களை மொத்தமாக நீக்கினேன். 1928இல் மாணவராக இருந்தபோது இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் அவர் எழுதிய முதல் கட்டுரையும் அதோடு போனது!

கடைசியில் கைகொடுத்தது கூட்டாசிரியர் பெயர்கள்தான். என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் ஃபான் நாய்மன், லெபோவிட்ஸ், பல ஆண்டுகள் அவருக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த டோனா எல்பர்ட் என்று கண்ணில் பட்டால் நம் ஆள். சதாசிவா, சுரேஷ், மதுசூதனா என்றால் பெங்களூர்க்காரர். தனியாக எழுதியவற்றுக்கு அந்த வெள்ளைத்தாளை எடுத்து, தலைப்பைப் படித்து, ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டும். நிறுவனப் பெயரை நம்ப வேண்டாம், பழைய பதிவுகள் பலவற்றில் அது இருக்காது. ஓபன்அலெக்ஸ் இந்தப் பிரிப்பைக் கணினி நிரலை வைத்துத் தானே செய்து வைத்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறியிட்டவற்றை ஏடிஎஸ்ஸிலேயே 'லைப்ரரி' ஒன்றில் சேமித்துவிடுங்கள். எக்செலில் ஒட்டி வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஸொட்டெரோ என்ற கட்டுரைப் பட்டியல் மென்பொருள்தான் பிடிக்கும், இரட்டைப் பதிவுகளைத் தானே காட்டிக்கொடுக்கும்.

நூல்களும் மறுபதிப்புகளும்

கதிர்வீச்சுப் பரிமாற்றம் பற்றிய நூல் 1950இல் வந்தது, டோவர் பதிப்பகத்தின் மறுபதிப்பு 1960இல். பாய்ம நிலைத்தன்மை நூல் 1961, டோவர் 1981. சிலர் மூலப் பதிப்பைக் காட்டுவார்கள், மலிவாகக் கிடைத்த டோவரைச் சிலர் காட்டுவார்கள். ஆகவே ஒரே நூலின் மேற்கோள்கள் இரண்டு பதிவுகளில் சிதறிக் கிடக்கும். ஏடிஎஸ்ஸில் இரண்டையும் தேர்ந்தெடுத்து 'மெட்ரிக்ஸ்' பக்கத்தைத் திறங்கள். அங்கே 'மொத்த மேற்கோள்கள்' வேறு, 'மேற்கோள் காட்டிய கட்டுரைகள்' வேறு. இரண்டு பதிப்பையும் காட்டிய கட்டுரையை ஒருமுறை மட்டும் எண்ணுவது இரண்டாவது எண். அதை எடுங்கள்.

எச்-இண்டெக்ஸ்

ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது, 2005இல் ஹார்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. குறைந்தது எச் மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அப்படி வரும் மிகப் பெரிய எண்தான் எச். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 12, 6, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு 4 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 3தான். ஆக எச் = 4. அவ்வளவுதான்.

இந்த எண் சந்திரசேகர் போன்றவருக்குச் சரியான சட்டை இல்லை. 1943இல் அவர் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸில் எழுதிய 89 பக்கக் கட்டுரை, வானியலிலும் இயற்பியலிலும் வரும் தற்செயல் நிகழ்வுகளைப் பற்றியது, பல ஆயிரம் மேற்கோள் பெற்றது. எச் கணக்கில் அது ஒன்றே ஒன்று. 1931இல் வந்த வெண்குறுமீன் கட்டுரை இரண்டே பக்கம். அதிலிருந்து பிறந்த 'சந்திரசேகர் வரம்பு' (வெண்குறுமீனுக்கு இருக்கக்கூடிய உச்ச நிறை) இன்று பாடநூல் சொல், அந்தச் சொல்லை எழுதுகிறவர்கள் பலர் 1931 கட்டுரையை அடிக்குறிப்பில் போடுவதே இல்லை.

துறைகளை ஒப்பிடும்போது

ஹிர்ஷின் அதே கட்டுரையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அவர் பார்த்த இயற்பியலாளர்களில் உச்சம் எட்வர்ட் விட்டன், 110. உயிரியலில் சாலமன் ஸ்னைடர், 191. இதை வைத்து ஸ்னைடர் பெரியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், உயிரியலில் மேற்கோள் புழக்கமே அதிகம். அதனால் ஏழு பகுதிகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இதில் ஜொலித்தார், அதில் மங்கினார்' என்று எழுதாதீர்கள்.

இதற்கு ஸ்கோப்பஸில் துறைவாரி எடையிட்ட அளவு ஒன்று உண்டு. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1. சந்தா இல்லாத நமக்கு நாட்டு வைத்தியம்: அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழின் அதே தொகுதியை ஏடிஎஸ்ஸில் தேடி, மேற்கோள்படி வரிசைப்படுத்தி, அவர் எத்தனையாவதாக நிற்கிறார் என்று பாருங்கள். உடன் வந்தவர்களோடுதானே ஒப்பிட வேண்டும்.

1943 கட்டுரைக்கு இன்னொன்றும் செய்யலாம். ஓபன்அலெக்ஸில் அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து துறைவாரியாகத் தொகுக்கச் சொல்லுங்கள். ஏடிஎஸ் பெரும்பாலும் வானியல், இயற்பியல் மேற்கோள்களைத்தான் எண்ணும். வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் பிரௌனியன் இயக்கத்துக்காக இங்கே வந்து போனது அதில் முழுதாகத் தெரியாது. என் புதிய சுவரொட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

(நாளிதழ்களில் ஆண்டுதோறும் வருகிறதே, 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல், அதுவும் ஸ்கோப்பஸ் தரவிலிருந்து துறைவாரியாகப் பிரித்துப் போட்டதுதான்.)

எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுத மறக்காதீர்கள். அடுத்த மாதம் எண் மாறியிருக்கும்.

பின்சேர்க்கை 1: தன் பெயருக்கே இதைச் செய்து பார்த்த ஒரு வாசகர், தான் மூன்று ஆளாகக் கிடப்பதாக எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பெயரில் முன்னால் இருப்பது அப்பா பெயர், தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் ஒரு ஆள், சுருக்கினால் ஒரு ஆள், அப்பா பெயரைப் பின்னால் போட்டால் இன்னொரு ஆள். உயிரோடு இருக்கிற ஆய்வாளர்கள் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், 16 இலக்கம், இலவசம். வாங்கியதோடு நிற்காமல் பழைய கட்டுரைகளையும் அதில் ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: வெப் ஆஃப் சயின்ஸ் வசதி உள்ளவர்கள் 'சைட்டெட் ரெஃபரன்ஸ்' தேடலை (பிறர் மேற்கோள் காட்டிய நூல், கட்டுரைகளைத் தேடுவது) பாருங்கள் என்று இன்னொருவர் சொன்னார். நூல் தலைப்பை ஆளாளுக்கு ஒருவிதமாகச் சுருக்கியிருப்பார்கள், ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டுமாம்.

பின்சேர்க்கை 3: நான் சேமித்த பட்டியலைப் பார்த்த ஒருவர், அதில் இன்னும் ஒரு படிக ஒளியியல் கட்டுரை இருப்பதைக் காட்டினார். பெங்களூர்க்காரர் இளவயதில் எழுதியது, தனி ஆசிரியர், அதனால் தப்பியிருக்கிறது. நீக்கிவிட்டேன். சுவரொட்டியில் எண்ணை ஒன்று குறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.