கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுவோம்: திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக மதுரை

வள்ளல் அழகப்பரைக் கல்லூரி கட்டியவராகத்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லண்டனை ஒட்டிய குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், பிறகு ஜூபிட்டர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தியவர் என்று சொன்னால் காரைக்குடிக்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள். செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் இன்று இங்கே ஒரு பிள்ளைக்கு விமானம் ஓட்ட ஆசை வந்தால் பயிற்சிப் பள்ளி பக்கத்தில் இல்லை, அதற்கான பணமும் எல்லா வீட்டிலும் இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒழுங்காகப் பழகலாம்.

'ஒழுங்காக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளத்தூரிலிருந்து என் அக்கா மகன் கோடை விடுமுறைக்கு வந்தபோது, நாலு எஞ்சின் ஜம்போவை எடுத்து மூன்று நாள் கட்டடம் கட்டடமாக மோதிவிட்டு நாலாம் நாள் அலுத்துப்போய் எழுந்துவிட்டான். அவனைத் திரும்ப உட்காரவைத்துச் சின்ன விமானத்தில் சொல்லிக்கொடுத்த வரிசைதான் இது.

முதலிலேயே ஒன்று. வீட்டில் ஓட்டும் மணிக்கணக்கு எந்த உரிமத்துக்கும் செல்லாது. நம் நாட்டில் தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம், வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜ விமானத்தில் பறந்திருக்க வேண்டும். ஆனால் தரையில் பழகுவதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்த பயிற்சிப் பெட்டி, ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளால் ஆடி அசைந்தது. அவர் குடும்பத் தொழிலே பியானோவும் ஆர்கனும். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பழகியவர்கள் லட்சக்கணக்கில்.

படி 1: என்னென்ன வேண்டும்

முதலில் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சாஃப்ட்வேர். ஃபிளைட்கியர் முழுக்க இலவசம். எக்ஸ்-பிளேனை இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேகமான நெட்டும் கேட்கும். தொடங்க ஃபிளைட்கியர் போதும்.

செலவு செய்தே ஆக வேண்டியது ஜாய்ஸ்டிக் ஒன்றுக்குத்தான். கீபோர்டு பட்டனை அழுத்தலாம் அல்லது விடலாம், 'கொஞ்சம்' என்பது அதற்குத் தெரியாது. விமானம் ஓட்டுவதே அந்தக் 'கொஞ்சம்'தான். கைப்பிடியைத் திருகினால் ரடர் (வாலில் நிமிர்ந்து நின்று மூக்கை இடவலமாகத் திருப்பும் தகடு) அசைகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

செட்டிங்கில் தானாக உதவும் வசதிகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். வானம் தெளிவு, காற்று பூஜ்யம், நேரம் காலை 8 மணி. காட்சி அழகைக் குறைத்தாவது நொடிக்கு 30 படம் விட்டுவிடாமல் ஓடும்படி வையுங்கள். திரை திக்கினால் கை தப்பாகப் பழகும்.

விமானம் செஸ்னா 172. 1955இல் முதலில் பறந்தது, இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். வேகத்தை நாட்டில் சொல்வார்கள்; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர். ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்: தரையில் மூக்கைத் தூக்க 55 நாட், ஏற 75, இறங்கி வர 65.

படி 2: நேராக, ஒரே உயரத்தில்

இது சாதாரணமாகத் தெரியும். முழுசாக ஒரு வாரம் இதற்கே கொடுங்கள், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

வானிலேயே 2,500 அடியில் தொடங்குங்கள். எஞ்சின் 2,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). வெளியே பாருங்கள்: வானமும் தரையும் சேரும் கோடு, டாஷ்போர்டுக்குக் கொஞ்சம் மேலே எங்கோ நிற்கும். உயரம் ஏறாமல் இறங்காமல் இருக்கும்போது அந்தக் கோடு திரையில் எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். இனிமேல் உங்கள் வேலை, கோட்டைப் பொட்டின்மேல் வைத்திருப்பது. உயரமானியைத் துரத்தாதீர்கள். அதன் முள் மூக்கு அசைந்த பிறகுதான் நகரும். முள்ளைப் பார்த்துத் திருத்தினால் எப்போதும் ஒரு படி பின்னால்தான் இருப்பீர்கள், விமானம் அலை மாதிரி ஏறி இறங்கும். கம்ப்யூட்டரில் பழகுகிறவர்களுக்கு வரும் மோசமான பழக்கமே கருவிகளையே வெறித்துப் பார்ப்பது. நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கருவிகளுக்கு மேல் தொங்கவிட்டு மறைத்துவிடுவேன். நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்கலாம்.

அக்கா மகன், "அம்மான், நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன், அதுவா ஏறுது" என்றான். அவன் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் கைப்பிடியைச் சுற்றி இறுகி, நகக்கண் வெளுத்திருந்தது. "ஆத்தா கோலமாவு எடுப்பாகளே, அப்படிப் பிடி" என்றேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். இறுக்கினால் மாவு உதிராது, தளரவிட்டால் கொட்டிவிடும். அப்படிப் பிடித்த அரை நிமிடத்தில் கோடு பொட்டில் வந்து நின்றது.

அடுத்தது டிரிம். வால் இறக்கையில் இருக்கும் ஒரு சின்னத் தகட்டை நகர்த்தி, கை செய்யும் வேலையை விமானமே செய்யும்படி விடுவதுதான் டிரிம். வரிசை முக்கியம். முதலில் ஜாய்ஸ்டிக்கால் கோட்டைப் பொட்டில் வையுங்கள். வேகம் நிலைக்கும்வரை காத்திருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அப்புறம்தான் டிரிம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிஜ விமானத்தில் டிரிம் செய்யச் செய்ய கைக்கு வரும் பாரம் குறையும்; கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங், அது எப்போதும் நடுவுக்குத்தான் இழுக்கும். அதனால் டிரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும்போதே ஜாய்ஸ்டிக்கை மெல்ல நடுவுக்கு விட்டுக்கொண்டே வர வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக நடந்தால் மூக்கு அசையாது. கையை எடுத்த பிறகும் பொட்டில் கோடு நின்றால் சரி.

5 நிமிடம், உயர வித்தியாசம் 100 அடிக்குள், திசை வித்தியாசம் 10 டிகிரிக்குள். இது மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: ஏறுவது, இறங்குவது, திரும்புவது

ஏறத் தொடங்கவும் இறங்கத் தொடங்கவும் ஒரே வரிசை: எஞ்சின், மூக்கு, டிரிம். ஏறி முடித்து நேராகும்போது மட்டும் மூக்கு முதலில், எஞ்சின் பிறகு. ஏற வேண்டுமா, முழு எஞ்சின் கொடுத்து, மூக்கைத் தூக்கி, 75 நாட்டில் நிலைத்ததும் டிரிம். வேண்டிய உயரத்துக்கு 50 அடி முன்பே மூக்கைத் தாழ்த்தத் தொடங்குங்கள். வேகம் கூடி வந்த பிறகு எஞ்சினைக் குறையுங்கள். முதலிலேயே குறைத்துவிட்டால் வேகம் வராமல் இழுத்துக்கொண்டு போகும்.

திரும்பும்போது 20 டிகிரி சாய்வு போதும். சாய்ந்த இறக்கை விமானத்தைத் தூக்குவதோடு பக்கவாட்டிலும் இழுப்பதால் உயரம் குறையப் பார்க்கும். கைப்பிடியை ஒரு நூல் பின்னால் இழுங்கள். போக வேண்டிய திசைக்கு 10 டிகிரி முன்பே நிமிர்த்துங்கள். கருவிப் பலகையில் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குண்டு உருளும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் ரடர் கொடுத்தால் நடுவுக்கு வரும்.

படி 4: ஸ்டால்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சின் நின்றுவிடுவதுதான் ஸ்டால் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது இறக்கையின் விஷயம். எதிர்காற்றில் முறத்தைக் கிடையாகப் பிடித்து முன்விளிம்பை லேசாக உயர்த்தினால் காற்று அதைத் தூக்கும். செங்குத்தாக நிமிர்த்திவிட்டால் தூக்காது, பின்னால் தள்ளும். இறக்கையும் அப்படித்தான். காற்றுக்கு அது காட்டும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் தூக்கும் சக்தி பொசுக்கென்று விழுந்துவிடும்.

3,000 அடிக்கு ஏறி, எஞ்சினைக் குறைத்து, உயரம் விடாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போங்கள். எச்சரிக்கை ஒலி வரும், பிறகு மூக்கு தலை கவிழும். உடனே கைப்பிடியை முன்னால் விடுங்கள், முழு எஞ்சின் கொடுங்கள், வேகம் வந்ததும் மெல்ல நிமிருங்கள். தரை நெருங்குகிறதே என்று பின்னால் இழுக்கத்தான் கை துடிக்கும். இழுத்தால் ஸ்டால் போகாது. 10 தடவை செய்து கையை மாற்றுங்கள்.

படி 5: கிளம்புவது

திருச்சி விமான நிலையத்தின் 27ஆம் ரன்வேயில் நில்லுங்கள். 27 என்றால் 270 டிகிரி, அதாவது மேற்கு. எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை நிதானமாக முழுசாகத் தள்ளுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், புரொப்பெல்லர் சுற்றுவதால் வருவது அது. வலது ரடரால் நடுக்கோட்டில் வையுங்கள். 55 நாட்டில் லேசாகப் பின்னால். அவ்வளவுதான், கிளம்பிவிடும்.

படி 6: ஒரு சுற்று, ஒரு இறக்கம்

ரன்வேயை ஒட்டி நீள்சதுரமாக ஒரு சுற்று. திருச்சி ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 290 அடி. அதற்கு 1,000 அடி மேலே, அதாவது உயரமானியில் 1,300. திசைகள் 270, 180, 090, 360, மறுபடி 270. எல்லாம் இடப்பக்கத் திருப்பம்.

கிழக்கு நோக்கி 090இல் போகும்போது, இறங்க வேண்டிய இடம் உங்கள் இடது தோளுக்கு நேராக வந்ததும் எஞ்சினை 1,500 ஆர்பிஎம்முக்குக் குறைத்து ஃபிளாப் 10 டிகிரி. (ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு, மெதுவாகப் பறக்க உதவும்.) அந்த இடம் தோளுக்குப் பின்னால் 45 டிகிரிக்குப் போனதும் 360க்குத் திரும்பி ஃபிளாப் 20, வேகம் 70. கடைசித் திருப்பம் முடிந்து ரன்வே நேரே தெரிந்ததும் ஃபிளாப் 30, வேகம் 65, டிரிம்.

இப்போது இன்னொரு பொட்டு, வேறு நிறத்தில். வேகம் 65இல் நிலைத்திருக்கும்போது ரன்வேயில் எழுதியிருக்கும் 27 என்ற எண் திரையில் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். எண் பொட்டிலேயே நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் நேராக அங்கேதான் போகிறீர்கள். எண் பொட்டுக்கு மேலே நகர்ந்தால் குட்டையாக விழப்போகிறீர்கள், எஞ்சினைக் கூட்டுங்கள். கீழே நழுவினால் உயரம் அதிகம், குறையுங்கள். வேகத்தை மூக்கால் பிடிக்க வேண்டும், உயரத்தை எஞ்சினால். ரன்வே ஓரத்தில் நாலு விளக்கு வரிசையாகத் தெரிந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு இருக்க வேண்டும். நாலும் சிவப்பென்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டீர்கள்.

தரைக்கு 15 அடி இருக்கும்போது பார்வையை எண்ணிலிருந்து எடுத்து ரன்வேயின் மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். திரையில் ஆழம் தெரியாது. பக்கத்துத் தரையைப் பார்த்தால் எவ்வளவு உயரம் என்று புரியாமல் குத்திவிடுவோம். மறுமுனையைப் பார்த்தால், இரண்டு ஓரமும் கண்ணெதிரே அகலமாகி மேலே எழுவது தெரியும். எஞ்சினை முழுசாகக் குறையுங்கள். இறங்க விடாதீர்கள். விமானம் தாழத் தாழ மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிப் பிடியுங்கள், அது தானாகச் சோர்ந்து பின்சக்கரத்தில் உட்காரும்.

துள்ளினால், கோணிப்போனால், மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் முழு எஞ்சின், ஃபிளாப் 20, திரும்ப ஏறுங்கள். இதையும் தனியாகப் பழக வேண்டும். அக்கா மகன் முதல் வாரம் பத்துக்கு ஏழு தடவை திரும்ப ஏறினான். அதில் நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

படி 7: நம்ம ஊர் மேலே

ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். தாள், பென்சில், கடிகாரம்.

திருச்சியிலிருந்து காரைக்குடி நேர்கோட்டில் சுமார் 42 கடல் மைல், திசை 174. 110 நாட்டில் 23 நிமிடம். ஏறும் நேரத்துக்காக ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 2,500 அடி. 13ஆவது நிமிடம் போலப் புதுக்கோட்டை இடப்பக்கம் வரும். 17ஆவது நிமிடத்தில் திருமயம் கோட்டைப் பாறை ஏறக்குறைய நேர் கீழே. சில சிமுலேட்டரில் கோட்டை தெரியாது. கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி என்று போகும் ரயில் பாதையைத் தேடுங்கள். திருமயத்தைத் தாண்டினால் கண்மாயும் ஊரணியும் கண்ணாடித் துண்டுகளாகக் கிடக்கும், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நம் நீள வீடுகளின் கூரைகள் வரிசையாக வரும். முதல் தடவை அந்தக் கூரைகளைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காரைக்குடி மேலே வலப்பக்கம் திரும்பி 251. மதுரை விமான நிலையம் 43 கடல் மைல். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வலப்பக்கம். சிவகங்கை இடப்பக்கம். அப்புறம் வலப்பக்கம் தூரத்தில் யானை படுத்த மாதிரி யானைமலை தெரிந்தால் மதுரை வந்தாயிற்று. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. இங்கேயும் 27ஆம் ரன்வே, தரைமட்டம் சுமார் 460 அடி. அதனால் 1,500 அடிக்கு இறங்கி, 270க்குத் திரும்பி, 65 நாட், பொட்டு, மறுமுனை.

இது கைக்கு வந்ததும், வாடைக்காற்று வையுங்கள்: வடகிழக்கிலிருந்து 10 நாட். காற்றுக்கு எதிராகத்தான் கிளம்பவும் இறங்கவும் வேண்டும், ஆகவே இரண்டு ஊரிலும் 09ஆம் ரன்வே, அதாவது அதே ஓடுதளத்தில் கிழக்கு நோக்கி. 174இலேயே போனால் காற்று உங்களை மேற்கே ஒதுக்கிவிடும், திருமயம் இடப்பக்கம் விலகித் தெரியும். மூக்கை இடப்பக்கம் எத்தனை டிகிரி வைத்தால் கோட்டை மறுபடி நேர் கீழே வருகிறது என்று பாருங்கள். 4 டிகிரியில் தொடங்குங்கள்.