பசங்களை தஞ்சாவூர் கலைக்கூடத்துக்கு கூட்டிட்டு போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

காலையில பெரிய கோயில், அப்புறம் அரண்மனை, பழைய சிலைங்க இருக்கற கலைக்கூடம், சரஸ்வதி மகால், சாயங்காலம் கல்லணை, முடிஞ்சா திருவையாறுன்னு ஒரே நாள்ல ப்ளான் போடுறோம் பாருங்க, அதுதான் முதல் தப்பு, மத்ததெல்லாம் அதுலேருந்துதான் வருது. கலைக்கூடத்துக்கு மிஞ்சிப்போனா அரைமணி நேரம் கிடைக்கும், மொத்த க்ளாஸும் வரிசையா உள்ள போய் வரிசையா வெளிய வரும், என்னடா பாத்தன்னு கேட்டா "சிலை மிஸ்"னு சொல்லுவான். கோயில் நடை மதியம் சாத்திருவாங்க, வெயில்ல கல்தரை காலைச் சுட்டுரும், அதனால அதை காலையிலயே முடிச்சிட்டு மிச்ச நேரத்தை கலைக்கூடத்துக்கே விட்டுருங்க. கல்லணை எங்கயும் ஓடிப்போகாது.

எல்லா சிலையையும் காட்டியே ஆகணும்னு இல்ல. நாலு போதும், என்னைக் கேட்டா ஒண்ணுகூட போதும். திருவெண்காட்டுல கிடைச்ச ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமா வெச்சிருக்கற சிவன், இங்கதான் இருக்கார், ராஜராஜன் காலத்து வெண்கலம், 1011-ஐ ஒட்டி செஞ்சது. சடையை தலைப்பாகை மாதிரி சுத்திக்கிட்டு, ஒரு காலை மாத்திப் போட்டு, கையை ஹாயா எது மேலயோ சாய்ச்சு வெச்ச மாதிரி நிக்கிறார், ஆனா கைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. உடனே நாம "அங்க காளை இருந்துச்சு, இப்ப காணோம்"னு சொல்லிடுறோம். சொல்லாதீங்க ப்ளீஸ்! கை எது மேல இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிட்டு நில்லுங்க. தூண், மரம், பார்வதி தோள்னு என்னென்னமோ வரும், ஒருத்தன் அதே மாதிரி நின்னு பாப்பான், பக்கத்துல இருக்கறவன் மேல சாய்வான், அப்ப அது எவ்ளோ உயரம் இருந்திருக்கும்னு அவங்களே சண்டை போட்டு கண்டுபிடிப்பாங்க. கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும், அதுக்குன்னு அதட்டாதீங்க, கத்தி ஓடுறவனை மட்டும் புடிங்க.

போர்டுல இருக்கறதை நோட்ல எழுதிட்டு வான்னு சொல்றது இன்னொரு கொடுமை. பய சிலையைப் பாக்கவே மாட்டான், போர்டைத்தான் பாப்பான். அதுக்குப் பதிலா ஒரு பென்சிலைக் குடுத்து பிடிச்ச ஒரு கையை மட்டும் வரையச் சொல்லுங்க. இல்லன்னா பீடத்துல ஓட்டை இருக்கற சிலைகளைத் தேடச் சொல்லுங்க, அது எதுக்குன்னு நீங்க விளக்கவே வேணாம், ஊர்ல சாமி புறப்பாடு பாத்த பிள்ளை யாராவது "கம்பு கோர்த்து தூக்கறதுக்கு"ன்னு சொல்லிடும்.

பிட்சாடனர், அதாவது பிச்சை எடுக்க வர்ற சிவன், முன்னாடிதான் நிறைய டீச்சர்ஸ் தடுமாறுறாங்க. உடம்புல துணி இருக்காது, பசங்க சிரிப்பாங்க, நாம முறைச்சு அடுத்த ரூமுக்கு இழுத்துட்டுப் போயிடுவோம், அப்புறம் மொத்த ட்ரிப்லயும் அவங்களுக்கு அதுமட்டும்தான் ஞாபகம் இருக்கும். முந்தின நாளே க்ளாஸ்ல தாருகாவனக் கதையைச் சொல்லிடுங்க, சிவன் பிச்சைக்காரரா வந்து ரிஷிகளோட கர்வத்தை அடக்கினதுன்னு. கதை தெரிஞ்ச பசங்க சிலையில மானையும் காலுல இருக்கற பாதக்குறட்டையும் (செருப்பு) தேட ஆரம்பிச்சிடுவாங்க.

தொடாதேன்னு சொல்றதோட நிறுத்தாம ஏன்னும் சொல்லணும். கைவேர்வையில உப்பு இருக்கு, அது வெண்கலத்தை அரிக்கும். அதுவுமில்லாம மெழுகுல செஞ்சு, மேல மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகத்தை ஊத்தி, அப்புறம் அந்த மண் அச்சை உடைச்சு எடுத்த சிலை இது, ஒரு அச்சுக்கு ஒரே ஒரு சிலைதான். இதே வேலையை சுவாமிமலை ஸ்தபதிங்க இன்னைக்கும் செய்றாங்கன்னு சொன்னீங்கன்னா அங்கயும் கூட்டிட்டுப் போங்கன்னு கேப்பாங்க, அதை அதே நாள்ல திணிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, லீவு நாள், மதிய இடைவேளை, ஸ்கூல் பசங்களுக்கு டிக்கெட், கேமரா இதெல்லாம் முன்னாடியே போன்ல கேட்டுக்கோங்க. பையையும் தண்ணி பாட்டிலையும் பஸ்லயே வெச்சிட்டு இறங்கச் சொல்லுங்க, பின்னாடி தொங்கற பை சிலையில இடிக்கறது பசங்களுக்கே தெரியாது.