கிறிஸ்துமஸ் லீவில் நண்பர்களோடு டிரெஸ்டன் முதல் புடாபெஸ்ட் வரை: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

டிசம்பர் 20-ஐ ஒட்டி ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் நின்றுவிடும். மறுபடி தொடங்க ஜனவரி முதல் வாரம் ஆகும். கூடப் படிக்கும் ஜெர்மன் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, விடுதி வெறிச்சோடிக் கிடக்கும். ஊருக்கு வந்துபோக விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, முதுகில் ஒரு பையோடு கிளம்ப இது அருமையான சமயம்.

இப்படி ஒருமுறைகூடப் போகாதவர்களுக்காக டிரெஸ்டன் (ஜெர்மனி), பிராக் (செக் நாடு), வியன்னா (ஆஸ்திரியா), புடாபெஸ்ட் (ஹங்கேரி) என்ற ஒரே பாதையை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் அதிகபட்சம் நான்கு மணி நேரம். பாரிஸும் ரோமும் இந்தப் பட்டியலில் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம், அவை கோடையிலும் அங்கேயேதான் இருக்கும்.

கோடைத் திட்டத்தை அப்படியே குளிர்காலத்துக்குப் போட்டால் பாதிப் பயணம் இருட்டிலும் பூட்டிய கடை வாசலிலும் போய்விடும். வெளிச்சம் எத்தனை மணி வரை இருக்கும், எந்தத் தேதியில் எது மூடியிருக்கும், இந்த இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

படி 1: ஆட்களும் பணமும்

நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஹாஸ்டல்களில் நான்கு படுக்கை அறை பரவலாகக் கிடைக்கும். அறை முழுவதும் உங்களுடையதாகிவிடும். ரயிலில் மேசையைச் சுற்றி நான்கு இருக்கை. ஏழெட்டுப் பேரானால் ஒரு ஓட்டலில் இடம் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும், அதுவும் வெளியே குளிரில் நின்றபடி.

டிக்கெட் போடும் முன்பே ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை, குழுவில் யாரிடம் பணம் குறைவோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள். பகுதிநேர வேலை செய்து படிக்கிற நண்பன் அங்கே போனதும், "எனக்கு இதெல்லாம் வேண்டாம்டா, நான் ரூம்லயே இருக்கேன்" என்று ஒதுங்கும் நிலை வரக் கூடாது. பொதுச்செலவை ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலியில் அன்றன்றைக்கே பதிந்துவிடுங்கள். யூரோ, கொருனா, ஃபோரிண்ட் என்று மூன்று நாணயம் புழங்கும் பயணத்தில், கடைசியில் மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

படி 2: நாட்காட்டியை விரித்து வையுங்கள்

டிசம்பர் கடைசியில் பிராகில் சூரியன் எட்டு மணிக்கு எழுந்து நான்கு மணிக்கு மறைகிறது. புடாபெஸ்டிலும் நான்கு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஆக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வெளிச்சம். பாலம், கோட்டை, மலைமேல் நின்று பார்ப்பது எல்லாம் காலையில்; அருங்காட்சியகம் மதியத்துக்கு மேல்; சந்தைகள் மாலையில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஊர் மாறும் ரயிலை முற்பகலில் பிடித்தால் வெளிச்சத்தில் பாதியை ஜன்னல் ஓரத்தில் கழிக்க வேண்டியிருக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணி வண்டி நல்லது.

அடுத்தது விடுமுறைகள். இந்த நாடுகளில் 24-ஆம் தேதி மாலைதான் குடும்பப் பண்டிகை. அன்று மதியத்தோடு கடைகள் அடங்கும், மாலையில் புடாபெஸ்டில் டிராம்களும் பேருந்துகளும் வெகுவாகக் குறைந்துவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. செக் நாட்டில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அந்த நாட்களில் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆஸ்திரியாவில் ஞாயிறும் கடையில்லை. 2026-இன் நாட்காட்டியைப் பாருங்கள்: 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. வியன்னாவில் தொடர்ந்து மூன்று நாள் சூப்பர் மார்க்கெட் பூட்டியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் சந்தைகளும் ஒரே நாளில் முடிவதில்லை. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 24-ஆம் தேதி முடிந்துவிடும். வியன்னா நகர மன்றத்தின் எதிரே உள்ளது 26 வரை. பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரை நடக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது:

டிரெஸ்டன் 21–22, பிராக் 22–26, வியன்னா 26–29, புடாபெஸ்ட் 29–ஜனவரி 2.

பண்டிகை நாட்களில் பிராகில் இருப்பதுதான் இதில் முக்கியம். மற்ற ஊர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த இரண்டு நாளும் அங்கே சதுக்கத்தில் கூட்டமும் வெளிச்சமும் சாப்பாடும் இருக்கும்.

படி 3: ஆவணங்கள்

ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம், தனி விசா வேண்டாம். ஆனால் அட்டையோடு பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்று நினைத்துப் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது, ரயிலுக்குள்ளேயே போலீஸ் ஏறிக் கேட்பார்கள். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகக் காகிதம் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு டிக்கெட் போடுங்கள்.

அரசு முறைக் காப்பீட்டில் இருப்பவர்கள் தங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம்தான் ஐரோப்பிய நலக் காப்பீட்டு அட்டை. அவசரச் சிகிச்சைக்கு இந்த நாடுகளிலும் அது செல்லும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உங்களோடு சேர ஒரு நண்பர் வருகிறார் என்றால் அவருக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், மேலே சொன்ன திட்டப்படி பிராகுக்கும் புடாபெஸ்டுக்கும் இரவுகள் சமமாக வருவதால், ஒரு நாளைக் கூட்டிக் குறைத்து எந்த நாடு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். டிசம்பர் பயணத்துக்குச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

படி 4: டிக்கெட்டும் படுக்கையும்

டிரெஸ்டன் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச்சீட்டு) வந்துவிடலாம். அதற்கு அப்பால் டிரெஸ்டன்–பிராக் சுமார் இரண்டரை மணி நேரம், பிராக்–வியன்னா நான்கு, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டே முக்கால். ஒரே ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே தளத்தில் ஒரு விலை, செக் ரயில்வே தளத்தில் வேறொரு விலை இருக்கும். ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்தையும் சேர்த்து மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிராக்–வியன்னா பாதையில் ரெஜியோஜெட் என்ற தனியார் ரயிலும் ஓடுகிறது. நான்கு ஊருக்கு ரயில் பாஸ் வாங்குவதைவிட, முன்கூட்டியே போடும் தனித்தனி டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு.

இருக்கை முன்பதிவு தனி. சில யூரோதான், இந்த வாரத்தில் அதை விடவே விடாதீர்கள். பண்டிகை ரயிலில் நான்கு மணி நேரம் பையோடு நடைபாதையில் நிற்பது கொடுமை.

ஹாஸ்டலைப் பிடிக்கும்போது மூன்றைப் பாருங்கள்: சமையலறை இருக்கிறதா, 24, 25 தேதிகளில் வரவேற்பில் ஆள் இருப்பாரா, நிலையத்திலிருந்து ஒரே டிராமில் போகலாமா. பொருள் வைக்க லாக்கர் தருவார்கள், பூட்டு பல இடங்களில் நம்முடையதாக இருக்க வேண்டும். புத்தாண்டு இரவுக்கான படுக்கையை எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவு செய்யுங்கள், அதுதான் முதலில் தீரும்.

படி 5: உடையும் பையும்

குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், இரவில் அதற்குக் கீழே போகும். இதைச் சமாளிக்க ஒரே ஒரு தடிமனான ஜெர்கின் போதாது, அடுக்குகள் வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, அதற்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். டிராமுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் போட்டிருப்பார்கள். வெளியே நடுங்கி, உள்ளே வியர்த்து, மறுபடி வெளியே வரும்போது அந்த வியர்வைதான் ஆளைக் குளிரவைக்கும். உள்ளே போனதும் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். உள்ளாடையாகப் பருத்தி பனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீன்ஸும் அப்படித்தான், நனைந்தால் ஹாஸ்டலில் மறுநாள் வரை காயாது.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் கால். பழைய நகரங்களின் கருங்கல் பாவிய தெருக்களில் பனி உறைந்தால் ஸ்போர்ட்ஸ் ஷூ வழுக்கிக்கொண்டு போகும். நீர்புகாத, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற பூட்ஸ் வாங்கி, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நடந்து பழகுங்கள். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி. காதை மூடும் குல்லா, மஃப்ளர், கையுறை. போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், அதனால் போனை உள்சட்டைப் பையில் வைத்து, கூடவே பவர் பேங்க் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பை 35–40 லிட்டர் போதும். தெர்மலும் ஃப்ளீஸும் இடத்தை அடைக்கும் என்பதால் மாற்றுடையைக் குறைத்து, நடுவில் வியன்னாவில் ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம். நீச்சலுடையும் ரப்பர் செருப்பும் கட்டாயம், காரணம் கீழே வருகிறது. பாராசிட்டமால், இருமல் மருந்து, ஊறுகாய்ப் பாக்கெட், பருப்புப்பொடி. விடுமுறை நாளில் மருந்துக்கடை தேடி அலைவது பெரும்பாடு.

படி 6: ஊர் ஊராக

டிரெஸ்டனில் ஒரு மாலையும் இரவும் போதும். ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434-இல் தொடங்கிய சந்தை. சூடான பானம் வாங்கினால் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்ததும் பணம் கைக்கு வரும். மது வேண்டாதவர்கள் "கிண்டர்புன்ஷ்" என்று கேளுங்கள், பழச்சாறும் மசாலாவும் சேர்த்துச் சூடாகத் தருவார்கள். பிராக் போகும் ரயிலில் ஆறு தெரிகிற பக்கம் உட்காருங்கள், எல்பே பள்ளத்தாக்கின் மணற்பாறைகள் கூடவே வரும். இந்த ஒரு ரயிலை மட்டும் வெளிச்சத்தில் பிடியுங்கள்.

பிராகில் குளிர்காலம் நமக்கு ஒரு சலுகை தருகிறது. கோடையில் சார்லஸ் பாலத்தில் சூரியோதயம் பார்க்க அதிகாலை ஐந்து மணிக்கு நிற்க வேண்டும். டிசம்பரில் நிதானமாக டீ குடித்துவிட்டு ஏழரைக்குப் போனால் போதும், கூட்டமும் இருக்காது. பண்டிகைக்கு முந்திய நாட்களில் தெருவோரம் பெரிய தொட்டிகளில் உயிரோடு கெண்டை மீன் விற்பார்கள், செக் வீடுகளில் 24-ஆம் தேதி இரவு விருந்து அதுதான். பணம் மாற்றுவதைச் சுற்றுலாத் தெருக்களில் வைத்துக்கொள்ள வேண்டாம். தெரியாமல் மோசமான விகிதத்தில் மாற்றிவிட்டால் பதறாதீர்கள்: 1,000 யூரோவுக்கு உட்பட்ட தொகையென்றால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்யும் உரிமையை 2019 முதல் செக் சட்டம் தருகிறது.

வியன்னாவுக்கு 26 மாலை வந்து இறங்கியதும் பையை ஹாஸ்டலில் போட்டுவிட்டு நகர மன்றச் சந்தைக்குப் போய்விடுங்கள், அது கடைசி இரவு. ஷோன்ப்ருன் அரண்மனை வருடத்தில் ஒரு நாளும் மூடுவதில்லை. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகல் 1565-இல் வரைந்த, பனியில் வேட்டைக்காரர்கள் திரும்பும் ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். நாள் முழுக்க அதே பனியில் நடந்துவிட்டு வந்து அதன்முன் நிற்கும்போது, மரக்கிளையில் காகங்கள் உட்கார்ந்திருக்கும் விதம்கூடப் புரியும். அரசு ஆப்பெராவில் நின்று பார்க்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கு விற்பார்கள், ஹாஸ்டல் சாப்பாட்டுச் செலவில் உலகின் சிறந்த பாடகர்களைக் கேட்கலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர்.

புடாபெஸ்டில் அந்த நீச்சலுடைக்கு வேலை வருகிறது. 1913-இல் திறந்த சேச்செனி குளியலகத்தில் நிலத்தடி வெந்நீர் நிரம்பிய திறந்தவெளிக் குளங்கள் உண்டு. தலைக்கு மேல் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தப் பயணத்தைக் குளிர்காலத்தில் வைக்கலாம். உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை உள்ள சில அடி தூரத்தை ரப்பர் செருப்போடு வேகமாகக் கடந்துவிடுங்கள். கிளம்பும் முன் தலைமுடியை முழுக்க உலர்த்திக் குல்லா போடுங்கள். அங்கே போக, 1896-இல் ஓடத் தொடங்கிய எம்1 மெட்ரோவில் ஏறுங்கள். டிக்கெட்டை எந்திரத்தில் பதித்த பிறகே ஏற வேண்டும். செக், ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்று நாடுகளிலும் சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமை.

படி 7: சாப்பாடும் ஏடிஎம்மும்

சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பைப் பார்த்து வாங்குங்கள், காய்கறி சூப்பிலும் எலும்புச்சாறு இருக்கலாம். பிராகில் பொரித்த பாலாடைக்கட்டி, புடாபெஸ்டில் லாங்கோஷ் எனும் பொரித்த ரொட்டி, எங்கும் வறுத்த கஷ்கொட்டை. லாங்கோஷைச் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 23-ஆம் தேதியே அரிசி, பருப்பு, முட்டை, வெங்காயம் வாங்கி வைத்துவிட்டால் 24 இரவு ஹாஸ்டல் சமையலறையில் சாம்பார் கொதிக்கும், பக்கத்து அறைக்காரர்களும் தட்டோடு வந்துவிடுவார்கள்.

ஏடிஎம்மிலும் கடையிலும் "யூரோவிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தொடுங்கள். யூரோவைத் தொட்டால் அவர்கள் வைத்த விகிதத்தில் கழிப்பார்கள். தெருவோரத் தனியார் எந்திரங்களைவிட வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம் மேல்.

திரும்பும் நாள்

புடாபெஸ்டிலிருந்து மியூனிக்குக்கு ரயில்ஜெட் என்ற விரைவு ரயில் நேராகப் போகிறது, சுமார் ஏழு மணி நேரம். ஜனவரி 1 அன்று கடைகள் இருக்காது என்பதால் 2-ஆம் தேதிப் பயணத்துக்கான ரொட்டியையும் பழத்தையும் 31 மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். மிஞ்சிய ஃபோரிண்டையும் அதிலேயே தீர்த்துவிடலாம், ஜெர்மனியில் அதை மாற்ற இடம் தேடுவது வீண் அலைச்சல். சால்ஸ்பர்க் தாண்டியதும் போலீஸ் ஏறக்கூடும், பாஸ்போர்ட்டையும் அட்டையையும் மேலே வைத்த பைக்குள் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.